கீறலைக் கீறலால் எடுப்பது எப்படி?

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பார்கள். கீறலை? அதையும் கீறலால்தான் எடுக்க வேண்டும்! “மேலும் கீறினால் இன்னும் மோசமாகத்தானே ஆகும்?” என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. பதிலைத் தேடி ஒரு பழைய வீட்டுக்குப் போவோம். அந்த வீடு அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அவ்வளவு தூரம்? நம் வீடுகளில் தரை என்றால் சிமென்ட், மொசைக், டைல்ஸ், கிரானைட். நம் வெயிலுக்கு அவைதாம் சுகம். சிகாகோவில் குளிர்காலம் வந்தால் நகரத்தை ஒட்டிய ஏரியின் கரையோரத் தண்ணீரே உறைந்துவிடும். அந்தக் குளிரில் கல்தரையில் வெறுங்காலை வைத்தால், உள்ளங்காலின் சூட்டைக் கல் சட்டென்று இழுத்துக்கொள்ளும். மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பலகைத் தரை வழக்கம். அதிலும் சிவப்பு ஓக் மரம் ரொம்பப் பிரபலம்.

அந்தப் பலகைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 57 மில்லிமீட்டர் அகலம், 19 மில்லிமீட்டர் கனம். ஒரு பக்க விளிம்பில் நீளமாக ஒரு ‘நாக்கு’ நீட்டிக்கொண்டிருக்கும். மறுபக்க விளிம்பில் அந்த நாக்கு நுழைகிற ‘காடி’ வெட்டப்பட்டிருக்கும். நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடிப்பார்கள். அடுத்த பலகையின் காடி வந்து அந்த ஆணியை மூடிக்கொள்ளும். தரை முழுக்க ஆணிகள் இருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படாத ரகசியம் இதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்கும் பழக்கம் பரவியது. பல வீடுகளின் ஓக் தரை அதன் அடியில் மறைந்துபோனது. பிற்காலத்தில் வீட்டை வாங்குகிறவர்கள் கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அடியில் மரம்! ஆனால் எப்படிப்பட்ட மரம்? வாசலிலிருந்து சமையலறை வரை சாம்பல் நிறத்தில் ஒரு தடம். பூந்தொட்டி இருந்த இடத்தில் கருப்பு வளையம். நாற்காலி இழுபட்ட இடங்களில் கோடு கோடாகக் கீறல்கள். இதைச் சரிசெய்ய வேண்டும். முதலில் இந்த வேலையைச் செய்த ஆசாமியைப் பிடிப்போம்.

குற்றவாளி யார்?

நடந்தவர்களின் எடையா? செருப்பின் ரப்பரா? அவற்றின் பங்கு கொஞ்சம்தான். முக்கியக் குற்றவாளி செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த மணல்.

சாதாரண மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். கனிமங்களில் எது எதைக் கீறும் என்று பார்த்து, 1 முதல் 10 வரை வரிசைப்படுத்திய அளவுகோல் ஒன்று உண்டு. அதற்கு ‘மோஸ் அளவுகோல்’ என்று பெயர். டால்க் என்னும் மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடியைக்கூட அது கீறிவிடும். மரத்தின் மேல் பூசிய வார்னிஷ் அதற்கு எம்மாத்திரம்!

மணல்துகள் ஒவ்வொரு அடியிலும் வார்னிஷ் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. நடமாட்டம் அதிகமான பாதையில் படலம் முதலில் மறைகிறது. அதன் பிறகு வெறும் மரம் வெளியே தெரிகிறது. அழுக்கும் தண்ணீரும் அதற்குள் இறங்குகின்றன. சாம்பல் தடம் உருவான கதை இவ்வளவுதான்.

மரத்துக்குள் ஒரு பயணம்

அழுக்கு மரத்துக்குள் எப்படி இறங்கும்? மரம் கெட்டியாகத்தானே இருக்கிறது?

ஜூஸ் குடிக்கிற உறிஞ்சுகுழாய்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து இறுக்கிக் கட்டினால் எப்படி இருக்கும்? மரத்தின் உள்ளமைப்பு கிட்டத்தட்ட அப்படித்தான். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அவை. ஓக் மரத்தில் இந்தக் குழாய்கள் சற்றுப் பெரியவை; பலகையில் மெல்லிய கோடுகளாகவும் புள்ளிகளாகவும் கண்ணுக்கே தெரியும். குழாய்களின் சுவரைக் கட்டியிருப்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அந்த நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின்.

மரத்தின் உறுதியை எப்படி அளப்பது? ஆஸ்திரியாவைச் சேர்ந்த கேப்ரியல் யாங்கா 1906-ஆம் ஆண்டு ஒரு வழி சொன்னார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை எடுத்து, அதன் பாதி உள்ளே போகும்வரை மரத்தில் அழுத்த வேண்டும். அதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறதோ அதுதான் அந்த மரத்தின் கடினத்தன்மை. அது ஏன் 11.28 என்று ஒரு விநோத எண்? அந்த விட்டமுள்ள வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்டச் சரியாக 100 சதுர மில்லிமீட்டர் வரும்!

சிவப்பு ஓக்கில் அந்தக் குண்டைப் பாதி இறக்க, சுமார் 585 கிலோ எடை அழுத்துகிற அளவு விசை வேண்டும். நம் தேக்குக்கு அதைவிடக் குறைவு. 500 கிலோவுக்குள் முடிந்துவிடும். கூடைப்பந்து மைதானங்களில் போடுகிற மேப்பிள் மரத்துக்குச் சுமார் 660 கிலோ. தேக்கு வீரமரம் ஆயிற்றே, தோற்றுவிட்டதா? கவலை வேண்டாம். தேக்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் இயற்கை எண்ணெய் கரையானையும் ஈரத்தையும் அண்டவிடாது.

உப்புத்தாளின் கணக்கு

இனி வேலையைத் தொடங்கலாம். தச்சரின் பையில் உப்புத்தாள் பார்த்திருப்பீர்கள். தாளின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான துகள்கள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவுகோலில் அதற்கு 9. மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே பொருள்தான். நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதன் உறவினர் ஒருவர் இங்கே தரை தேய்க்கிறார்!

தாளின் பின்பக்கம் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 40 என்றால் துகளின் சராசரி அளவு சுமார் 425 மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான்.) 60 என்றால் 269 மைக்ரான். 80 என்றால் 201. 120 என்றால் 125. எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். இந்த எண்ணின் வேர் சல்லடையில் இருக்கிறது. ஓர் அங்குலத்தில் எத்தனை கண்கள் உள்ள சல்லடையில் துகளைச் சலித்தார்கள் என்பதிலிருந்து வந்த வழக்கம் இது.

பெரிய தரையைக் கையால் தேய்த்து மாளாது. அதற்கென்று உருளை இயந்திரம் உண்டு. உருளையின் மேல் உப்புத்தாளைச் சுற்றி மாட்டி, இயந்திரத்தை நடத்திக்கொண்டே போவார்கள். முதலில் 40-ஆம் எண் தாள். பழைய வார்னிஷ், அழுக்கு, மேடுபள்ளம் எல்லாவற்றையும் அது சுரண்டி எடுத்துவிடும். அதன் பிறகு தரையைப் பார்த்தால் ஐயோ என்றிருக்கும். பழைய கீறல்கள் போய்விட்டன. ஆனால் தரை முழுவதும் புதிதாக ஆயிரக்கணக்கான கீறல்கள்!

அடுத்து 60-ஆம் எண். இது 40 போட்ட கீறல்களின் அடிமட்டம் வரை மரத்தைத் தேய்த்து எடுக்கிறது. பதிலுக்குத் தன்னுடைய சிறிய கீறல்களை விட்டுச் செல்கிறது. 80 வந்து 60-இன் கீறல்களை அழிக்கிறது; இன்னும் சிறிய கீறல்களைப் போடுகிறது. கடைசியாக 100 அல்லது 120.

கவனித்தீர்களா? எந்தக் கட்டத்திலும் கீறல் இல்லாமல் போகவில்லை. பெரிய கீறலைக் கொடுத்துச் சிறிய கீறலை வாங்கிக்கொண்டே வந்திருக்கிறோம்.

“நேரடியாக 120-ஐப் போட்டுத் தேய்த்தால் என்ன?” தேய்க்கலாம். ஆழமான பள்ளத்தின் அடிவரை மரத்தை எடுக்க அந்தப் பொடித்துகளுக்கு வெகுநேரம் பிடிக்கும், தாளும் அடைத்துக்கொள்ளும். “40-லிருந்து 120-க்குத் தாவினால்?” 40 போட்ட ஆழக் கீறல்கள் அப்படியே தங்கிவிடும். தேய்க்கும்போது தெரியாது, வார்னிஷ் பூசிய பிறகு பல்லைக் காட்டும். அதனால்தான் படிப்படியாக ஏறுகிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கடைசிக் கட்டங்களில் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ரேகைக்குக் குறுக்கே தேய்த்தால் குழாய்களின் நார்கள் அறுபட்டுப் பிசிறு எழும். கீறல் பளிச்சென்று தெரியும். ரேகையோடு போனால் கீறல்கள் மரத்தின் இயற்கைக் கோடுகளுக்குள் மறைந்துகொள்ளும்.

இந்த வேலையில் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு தவறு நேரும். இயந்திரம் நகராமல் நிற்கும்போது உருளை தரையில் பட்டால் போதும், அங்கே ஒரு பள்ளம் விழுந்துவிடும். ஆகவே நடக்கத் தொடங்கிய பிறகுதான் உருளையை இறக்குவார்கள்; நிற்பதற்கு முன்பே தூக்கிவிடுவார்கள்.

நம் ஊரிலும் இதே அறிவியல் நடக்கிறது, தெரியுமா? மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வருவார்கள் அல்லவா? அவர்களுடைய இயந்திரத்தின் அடியில் சிலிக்கான் கார்பைடு என்னும் கடினப் பொருளால் செய்த கற்கள் இருக்கும். சொரசொரப்பான கல்லில் தொடங்கி, கல்லை மாற்றி மாற்றி, நைசான கல்லில் முடிப்பார்கள். அங்கே தேய்வது சிமென்ட்டும் சலவைக்கல் சில்லுகளும், இங்கே மரம். கணக்கு ஒன்றுதான்.

மீதிக் கீறல் எங்கே போச்சு?

120-ஆம் எண்ணோடு நிறுத்திவிட்டோம். கீறல்கள் இன்னும் இருக்கின்றன. தொட்டால் வழவழப்பு, பார்த்தால் மங்கல். அதன் மேல் வார்னிஷ் பூசியதும் மங்கல் போய், மரத்தின் ரேகை ஆழமாகத் தெரிகிறது. இது எப்படி?

இங்கே ஒளி விளையாடுகிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது, எல்லையில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். எவ்வளவு திரும்பும்? இரண்டு பொருள்களின் ‘ஒளிவிலகல் எண்’ எவ்வளவு வேறுபடுகிறதோ, அதைப் பொறுத்தது. காற்றுக்கு 1. மரக்குழாயின் சுவருக்குச் சுமார் 1.53. வேறுபாடு பெரிது. அதனால் காற்றும் மரமும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும், நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் திரும்பிவிடுகிறது. கீறல்கள் பல திசைகளில் சாய்ந்திருப்பதால் அந்த ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. சிதறிய ஒளி நம் கண்ணுக்கு வெளுப்பாக, மங்கலாகத் தெரிகிறது.

கெட்டியான வார்னிஷின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. மரத்துக்கு மிக அருகில்! வார்னிஷ் கீறல்களை நிரப்பிவிட்டால், வார்னிஷும் மரமும் சந்திக்கும் எல்லையில் திரும்பும் ஒளி ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கீறல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒளிதான் அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விடுகிறது. உள்ளே போன ஒளி மரத்தின் நிறத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. மேலே வார்னிஷ் தானாகவே சமமாகப் பரவி வழவழப்பாக உலர்வதால், ஒளி ஒரே திசையில் திரும்பி, தரை பளபளக்கிறது.

“பளபளப்பே வேண்டாம், மேட் போதும்” என்கிறவர்களுக்கும் வார்னிஷ் உண்டு. அதில் நுண்ணிய சிலிக்காப் பொடியைக் கலந்திருப்பார்கள். உலர்ந்த பிறகு அந்தப் பொடி மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக்கும். வேண்டுமென்றே செய்த சொரசொரப்பு! நடக்க நடக்க விழும் சிறு கீறல்கள் அதில் அவ்வளவாகத் தெரியாது.

*செய்து பாருங்கள் – 1*
பாலிஷ் போடாத, கீறல் விழுந்த மரத்துண்டு ஒன்றை எடுங்கள். பாதியில் மட்டும் தண்ணீர் தடவுங்கள். ஈரமான பாதி கருத்து, கீறல்கள் மங்கி, ரேகை எடுப்பாகத் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, காற்றைவிட மரத்துக்கு அருகில். காய்ந்ததும் கீறல்கள் திரும்பி வந்துவிடும். சொரசொரப்பான பனிக்கண்ணாடி கிடைத்தால், அதன் சொரசொரப்பான பக்கத்தில் செலோடேப் ஒன்றை அழுத்தி ஒட்டுங்கள். டேப் ஒட்டிய இடத்தில் மட்டும் கண்ணாடி தெளிந்துவிடும். டேப்பின் பசை, கண்ணாடியின் பள்ளங்களை நிரப்பிவிட்டது!

கருப்பு வளையத்தின் மர்மம்

தேய்த்த பிறகும் ஓரிடத்தில் கறை போகவில்லை. பூந்தொட்டி வளையம்! அழுக்காக இருந்தால் போயிருக்குமே?

அது அழுக்கே இல்லை. ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. தொட்டியின் தண்ணீரில் இரும்புத்துரு கலந்து மரத்துக்குள் இறங்கினால், இரும்பும் டானினும் சேர்ந்து கருப்பான ஒரு சேர்மமாகிவிடும். இதே வேதியியலைக் கலம்காரி கைவினைஞர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். கடுக்காயில் டானின் நிறைய. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு ஒரு கரைசல் எடுப்பார்கள். அந்தக் கரைசலால் துணியில் கோடு போட்டதும், கோடு கருப்பாக மாறும்! அங்கே அது ஓவியம். இங்கே அது கறை.

கறையைப் போக்க, தரை வேலைக்காரர்கள் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பூசுவார்கள். அது டானினிடமிருந்து இரும்பைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், கருப்பு வெளுத்துவிடும். மொசைக் பாலிஷில் கடைசியாகத் தூவுகிற வெள்ளைப் பொடியும் இதே ஆக்ஸாலிக் அமிலம்தான். இது நஞ்சு. நீங்கள் தொடவே கூடாது. பெரியவர்கள்கூடக் கையுறை இல்லாமல் தொட மாட்டார்கள்.

*செய்து பாருங்கள் – 2*
பால் கலக்காத, கடுமையான தேயிலைத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு ஒருநாள் விடுங்கள். தேயிலையிலும் டானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் உண்டு. தண்ணீர் என்ன நிறமாகிறது என்று பாருங்கள். குடித்துவிடாதீர்கள்!

அவசரக்காரருக்குத் தரை ஆகாது

பலகை உயிரற்றதுதான். ஆனாலும் அது சும்மா இருக்காது. காற்றில் ஈரம் கூடினால் ஈரத்தை உள்வாங்கி அகலமாகும்; ஈரம் குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிக மிகக் குறைவு, அகலவாக்கில்தான் எல்லாம். குழாய்க்கட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழாயின் சுவரும் தண்ணீர் குடித்துத் தடிக்கும்போது, கட்டு பருமனாகுமே தவிர நீளாது.

57 மில்லிமீட்டர் அகலமுள்ள சிவப்பு ஓக் பலகையின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு குறைந்தால், அகலத்தில் சுமார் 0.8 மில்லிமீட்டர் சுருங்கலாம். சிகாகோவின் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் உள்ளே காற்று வறண்டுவிடும். பலகைகளுக்கிடையே இடைவெளி தெரியும். கோடையில் தானாக மூடிக்கொள்ளும். இது தெரியாமல் குளிர்காலத்தில் அந்த இடைவெளியில் மக்கு அடைத்தால் என்ன ஆகும்? கோடையில் பலகைகள் விரிந்து, மக்கை நசுக்கி வெளியே தள்ளிவிடும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. தரையின் அடியில் தண்ணீர் கசிந்தால் பலகையின் அடிப்பக்கம் அதிகமாக விரியும். விளிம்புகள் மேலே எழும்பி, நடு குழியும். “மேடாக இருக்கிறதே” என்று உடனே விளிம்புகளைத் தேய்த்துச் சமமாக்கினால் அன்றைக்குத் தரை அழகாகத்தான் இருக்கும். பிறகு மரம் காயும். அடிப்பக்கம் பழைய அளவுக்குச் சுருங்கும். இப்போது தேய்ந்துபோன விளிம்புகள் தாழ்ந்து, நடு புடைத்து நிற்கும்! ஆகவே நல்ல வேலைக்காரர் முதலில் கசிவை அடைப்பார். அப்புறம் ஈரமானியை வைத்துப் பார்த்து, மரம் முழுவதும் காயும்வரை காத்திருப்பார்.

பூச்சியிலிருந்து பாலியூரித்தேன் வரை

தேய்த்து முடித்து, தூசியை உறிஞ்சி எடுத்தாயிற்று. இனிப் பூச்சு.

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தரைகளில் ஷெல்லாக் என்னும் பூச்சு பரவலாக இருந்தது. அதன் மூலப்பொருள் நம் நாட்டு அரக்கு! புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. இன்றும் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிறைய எடுக்கிறார்கள். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசினால், சாராயம் ஆவியாகிப் படலம் தங்கிவிடும். பழைய தரையில் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரியாதபோது ஓரத்தில் ஒரு சொட்டுச் சாராயம் விட்டுப் பார்ப்பார்கள். படலம் இளகினால் அது ஷெல்லாக்.

ஆளிவிதை எண்ணெய் உலரும் விதம் வேறு. அது ஆவியாவதே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிக் கெட்டிப்படுகின்றன. உலரும்போது அதன் எடை கூடவும் செய்யும்! தேங்காய் எண்ணெய் ஏன் எத்தனை நாளானாலும் உலர்வதில்லை? கைகோக்கத் தேவையான இரட்டைப் பிணைப்புகள் அதன் மூலக்கூறுகளில் மிகக் குறைவு. தலையில் தேய்க்க அதுதானே வசதி!

ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படும். தரையில் மெல்லியதாகப் பரவியிருந்தால் வெப்பம் காற்றில் போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால்? வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, துணி தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடத்தில் இதுதான் நடந்தது. மரப்பலகை வேலைக்குப் பயன்படுத்திய எண்ணெய்த் துணிகளிலிருந்து 22-ஆவது மாடியில் தீ கிளம்பியது. மாடி மாடியாக ஏறி, தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்த 30-ஆவது மாடியில்தான் அது அடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அதனால் எண்ணெய்த் துணியை வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது தண்ணீர் நிரம்பிய உலோக டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

இன்று அதிகம் பூசுவது பாலியூரித்தேன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் தொடங்கிவைத்த வேதியியல் இது. இரண்டு, மூன்று தடவை பூசுவார்கள். நடுவில் மிக நைசான தாளால் லேசாகத் தேய்ப்பார்கள். அடுத்த பூச்சு பற்றிக்கொள்ள அந்த நுண்கீறல்கள் வேண்டும். பாருங்கள், இங்கேயும் கீறல் உதவிக்கு வருகிறது!

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகத் தரை தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. மூலக்கூறுகள் வலை பின்னி முடிக்க நாள்கள், சிலவகைப் பூச்சுகளுக்கு வாரங்கள்கூட ஆகும். அதுவரை கம்பளம் விரிக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் 1978-க்கு முன் வீடுகளில் பூசிய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈயத்தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். எனவே தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். சிறுவர்களுக்கு அந்த அறையில் அனுமதி கிடையாது.

எத்தனை முறை தேய்க்கலாம்?

பலகை 19 மில்லிமீட்டர் கனம் இருந்தாலும் அவ்வளவையும் தேய்க்க முடியாது. நாக்குக்கும் காடிக்கும் மேலே இருக்கிற மரம்தான் நமக்குக் கணக்கு. அது சுமார் 6 முதல் 8 மில்லிமீட்டர். ஒருமுறை முழுதாகத் தேய்த்தால் அதில் சுமார் 0.8 மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும். கீறலைக் கீறலால் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மரத்தைத்தான் விலையாகக் கொடுக்கிறோம்.

அதனால் மரம் தேயும் முன்பே முந்திக்கொள்ள வேண்டும். தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. சில நிமிடங்களில் உள்ளே இறங்கி மரம் கருத்தால் பூச்சு போய்விட்டது. பூச்சு மெலிந்திருக்கிறது, இன்னும் மரம் தெரியவில்லை என்ற நிலையில் பிடித்துவிட்டால், பூச்சை மட்டும் லேசாகத் தேய்த்து மேலே ஒரு கை பூசினால் போதும். மரம் துளிகூடக் குறையாது. இன்னும் மலிவான வைத்தியம், வாசலில் மிதியடி போடுவதும் செருப்பை வெளியே விடுவதும். மணல் உள்ளே வந்தால்தானே கீறும்?

*ஒரு கணக்கு*
ஒரு தரையில் காடிக்கு மேலே 6 மில்லிமீட்டர் மரம் இருக்கிறது. குறைந்தது 2 மில்லிமீட்டர் மீதி இருக்க வேண்டும். இல்லையென்றால் காடியின் மேலுதடு உடைந்துவிடும். ஒவ்வொரு முறை முழுதாகத் தேய்க்கும்போதும் 0.8 மில்லிமீட்டர் போகிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்தால் எத்தனை ஆண்டு வரும்? இடையில் ஒருமுறை பூச்சை மட்டும் புதுப்பித்து, 40 ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்தால்?

விடை: தேய்க்கக் கிடைப்பது 4 மில்லிமீட்டர். அதை 0.8 ஆல் வகுத்தால் 5 முறை. முதல் வழியில் 100 ஆண்டு. இரண்டாவது வழியில் 200 ஆண்டு!